ஏரிப் பாலத்தில் நிற்கும் வண்டி

இனுயிட் இல்லை, நர்ஸம்மா. இன்னு. அவர்கள் வேறு ஆட்கள், நாங்கள் வேறு ஆட்கள். அவர்கள் கடலோரப் பனியில் சீல் விலங்கைப் பிடிக்கிறவர்கள். நாங்கள் உள்காட்டில் மான் தேடிப் போகிறவர்கள். புதிதாக வேலைக்கு வருகிற எல்லோரும் இந்தத் தப்பைச் செய்கிறார்கள். அதனால் உங்கள்மேல் கோபமில்லை. கொஞ்சம் இருந்தது, போய்விட்டது.

சன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள். எனக்கு வேண்டாம். இந்தப் பாதையை நான் போதுமான அளவு பார்த்துவிட்டேன். அந்தப் பையை மட்டும் காலால் தள்ளாதீர்கள். உள்ளே கனமாக ஒன்று இருக்கிறது. விரலில் விழுந்தால் உங்களுக்கே ஒரு நர்ஸைத் தேட வேண்டியிருக்கும்.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? பெயர். பிரெஞ்சுக்காரன் கப்பலில் வந்து இறங்கி, எங்களைப் பார்த்து, மலைக்காரர்கள் என்று பெயர் வைத்தான். அவன் மகனும் அவன் பேரனும் அந்தப் பெயரிலேயே எங்களைக் கூப்பிட்டார்கள். உங்களுக்கு நீங்கள் என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று ஒருவனும் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் சொல்லியிருப்போம். இன்னு என்றால் மனிதன். எங்கள் பேச்சு இன்னு ஐமுன். இப்போது நான் உங்களிடம் பேசுவது பிரெஞ்சு. மரம் அறுக்கும் ஆலையில் பழகியது. நீங்களும் எங்கிருந்தோ வந்து அதைக் கற்றுக்கொண்டுதானே பேசுகிறீர்கள். உங்கள் வாயிலும் அது சொந்தச் செருப்பு மாதிரி இல்லை. அதனால்தான் உங்களிடம் பேசுகிறேன். பிரெஞ்சுக்காரர்களிடம் பேச மாட்டேன்.

என்ன, கரோலான்?

"தாத்தா, ஏரிப் பாலத்தில் இறங்குகிறீர்களா?"

என் டிக்கெட் உன் கையில்தானே இருக்கிறது, படித்துப் பார். கடைசி நிறுத்தம். மகள் வீட்டுக்குப் போகிறேன்.

"உங்கள் மகள் நேற்றே பிள்ளைகளோடு ஏரிப் பாலத்துக்குப் போய்விட்டாளே. என் வண்டியில்தான் போனாள்."

பூட்டிய வீட்டு வாசலில் உட்கார எனக்குத் தெரியும். நீ போய் மற்றவர்கள் டிக்கெட்டைப் பார்.

சிரித்துக்கொண்டு போகிறாள், பாருங்கள். என் மாமன் மகனின் பேத்தி. இந்த ரயில் இப்போது எங்கள் ஆட்களுடையது, அதனால் டிக்கெட் பார்க்கிறவள்கூடச் சொந்தக்காரி. ஒன்றையும் மறைக்க முடியாது. காட்டு நடுவில் எவன் எங்கே இறங்க வேண்டும் என்றாலும் வண்டி நிற்கும். வேட்டைக்குப் போகிறவன் இறங்குவான், கூடாரத்தில் இருக்கிறவன் வந்து மாவும் தேயிலையும் வாங்கிக்கொண்டு போவான். அது நல்லதுதான். ஆனால் அவள் சும்மா கேட்கவில்லை. அவன் கேட்கச் சொல்லியிருக்கிறான்.

எவன் என்கிறீர்களா? என் கூடப் பிறந்தவன். எத்தியென்.

பிரெஞ்சில் ஒரு குறை உண்டு, கவனித்தீர்களா? கூடப் பிறந்தவன் என்றால் மூத்தவனுக்கும் அதே சொல், இளையவனுக்கும் அதே சொல். எங்களிடம் மூத்தவனுக்குத் தனிச் சொல், இளையவனுக்குத் தனிச் சொல். உங்களிடம்? அண்ணன். தம்பி. சரி, அப்படியானால் உங்களுக்கு நான் விளக்க வேண்டாம். நான் அண்ணன், அவன் தம்பி. இளையவன் மூத்தவன் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும். மூத்தவன் மூத்தவனாக இருந்தால் போதும்.

போன வாரம் எங்கள் ரேடியோவில் அவன் பேசினான். ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுவான், பழைய ஐமுனில், ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். அன்று என்ன சொன்னான் தெரியுமா? "கரிபு கிடைத்திருக்கிறது. ஏரிப் பாலத்தில் மக்குஷான் வைக்கிறோம். என் அண்ணன் பனாஷுவேயின் இடம் காலியாக இருக்கிறது. அவர் வந்து உட்காரும்வரை எலும்பை இடிக்க மாட்டோம்."

பனாஷுவே நான்தான். ஊர் முழுவதும் கேட்கும்படி இப்படிச் சொல்வதற்கு என்ன பெயர்? அழைப்பா? இல்லை, இது கண்ணி. நான் போகாவிட்டால் அங்கே அத்தனை பேரும் வெறும் தட்டோடு உட்கார்ந்திருப்பார்கள், பழி என்மேல். அடுத்த நாள் கடைக்குப் போகிறேன், ரொட்டி விற்கிறவள் கேட்கிறாள், "இன்னும் கிளம்பவில்லையா?" தேவாலயத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவன் கேட்கிறான், "எந்த வண்டியில் போகிறீர்கள்?" அதனால்தான் மகள் வீட்டுக்குப் புறப்பட்டேன். வேறு காரணமில்லை.

மக்குஷான் என்றால் என்ன என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கரிபு என்பது எங்கள் மான், பெரிய கொம்பு, அகலக் குளம்பு. அதைச் சாப்பிட்டுத்தான் நாங்கள் மனிதர்களாக இருந்தோம். அதன் கால் எலும்புகளை எறிய மாட்டோம். சுரண்டிச் சுத்தம் செய்து, உயரமான பரண்மேல் வைப்போம், நாய் எட்டாத இடத்தில். போதுமான அளவு சேர்ந்ததும் இடித்து, கொதிக்க வைத்து, மேலே மிதக்கிற வெள்ளைக் கொழுப்பை எடுத்துக் கட்டியாக ஆறவிட்டு, எல்லோரும் ஒரே கூடாரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவோம். ஒரு துணுக்கு கீழே விழக்கூடாது. நாய் உள்ளே வரக்கூடாது. கரிபுகளுக்கு ஒரு தலைவர் இருக்கிறார். அவர் பார்த்துக்கொண்டிருப்பார். தன் ஆட்களின் எலும்பை மரியாதையாக நடத்தினால் மறுபடி அனுப்புவார். நாய்க்குப் போட்டால் அனுப்ப மாட்டார்.

நீங்கள் நம்ப வேண்டாம். நம்பச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் தம்பி நாய்க்குப் போட்டான்.

அவனை எட்டு வயதில் கூட்டிக்கொண்டு போனார்கள். கடலோரத்தில் பாதிரியார்கள் பள்ளிக்கூடம் கட்டியிருந்தார்கள், எங்கள் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போய் அங்கேயே படுக்க வைத்து, அங்கேயே வளர்க்க. நான் கொஞ்சம் பெரியவன், அப்பாவுக்கு வலை இழுக்க ஆள் வேண்டும், என்னை விட்டுவிட்டார்கள். அவன் அதிர்ஷ்டக்காரன். கம்பளிச் சட்டை, தோல் காலணி, மூன்று வேளைச் சாப்பாடு. நான் காட்டில் அப்பாவின் பின்னால் பனியில் நடந்துகொண்டிருந்தேன். எனக்கு ஒரு எழுத்துத் தெரியாது. அதற்காக நான் அழவில்லையே.

பதினாறு வயதில் திரும்பி வந்தான். அந்த இலையுதிர் காலத்தில் நாங்கள் ஐந்து பேர் இதே ரயிலில் ஏறி ஏரிப் பாலத்தில் இறங்கினோம். அப்பா, அம்மா, நான், அவன், எங்கள் தங்கை மானியான். அவளுக்கு அப்போது ஆறு வயதிருக்கும். முன்பல் விழுந்திருந்தது. பாலத்திலிருந்து மேற்கே நடந்து எங்கள் குளிர்காலக் கூடாரத்துக்குப் போனோம்.

அவனை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவ்வளவு திமிர். எங்கள் முன்னால் சட்டையைக் கழற்ற மாட்டான். காலணியைப் போட்டுக்கொண்டே தூங்குவான். ஒரு தடவை அம்மா அவன் தலையைத் தடவப் போனாள், கையை மேலே தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான், பெற்ற தாயின் கையை. சாப்பிடும்போது தட்டைச் சுற்றிக் கையை வளைத்து வைத்துக்கொண்டு குனிந்து விழுங்குவான், நாங்கள் பிடுங்கிக்கொள்வோம் என்பதுபோல. பேராசை. எல்லாவற்றையும்விட, அம்மா ஏதாவது கேட்டால், வாயைத் திறப்பதற்கு முன் கூடார வாசலைத் திரும்பிப் பார்ப்பான். யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் இரண்டு வார்த்தை ஐமுன் வரும், அதுவும் முனகலாக. அவனுக்கு எங்கள் பேச்சு வெட்கமாகிவிட்டது. மற்றபடி பிரெஞ்சுதான். அப்பாவின் கூடாரத்தில் பிரெஞ்சு.

மானியான் மட்டும் அவன் மடியில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிப் பெயர் சொல்வாள், கெண்டி, கோடாரி, பனிக்காலணி. அவன் திருப்பிச் சொல்வான். தப்பாகச் சொன்னால் அவள் பல்லில்லாத வாயைக் காட்டிச் சிரிப்பாள். அவனும் சிரிப்பான். எங்களிடம் சிரிக்க மாட்டான்.

அப்பா ஒரு நாள் வலைப் பக்கமாக என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவன் காட்டை மறந்துவிட்டான். எதை எங்கே வைப்பது, எதைத் தொடக்கூடாது, எல்லாவற்றையும் உன் தம்பிக்கு நீ சொல்லிக்கொடு" என்றார்.

நான் தலையாட்டினேன். ஆனால் சொல்லுங்கள், நான் ஏன் சொல்லிக்கொடுக்க வேண்டும்? எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நான் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இன்னு பிள்ளை பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும். அவனுக்குத் தேவை என்றால் வரட்டும், ஒழுங்காக வந்து கேட்கட்டும் என்று இருந்தேன்.

ஆறு போகிறது, பாருங்கள். இடப்பக்கம். இதைத் தாண்டினால் சதுப்பு, அப்புறம் வழுக்கை மலை, அப்புறம் அந்த ஏரி. எனக்குப் பார்க்காமலே தெரியும்.

முதல் பனி உறைந்ததும் கரிபு வந்தது. சின்னக் கூட்டம். நானும் அப்பாவும் சுட்டோம். அம்மா இறைச்சியைக் காயப் போட்டாள். மறுநாள் அப்பா கூட்டத்தின் தடம் பார்க்கப் போயிருந்தார். அம்மாவும் மானியானும் கிளை ஒடிக்கப் போயிருந்தார்கள். நான் கூடாரத்துக்கு வெளியே கத்தி தீட்டிக்கொண்டிருந்தேன். எத்தியென் உள்ளே சுத்தம் செய்துகொண்டிருந்தான். அம்மா சொல்லியிருந்தாள் போல.

கை நிறையக் கால் எலும்பை அள்ளிக்கொண்டு வெளியே வந்து என் முன்னால் நின்றான். எலும்பை எங்கே வைக்கட்டும் என்று கேட்டான்.

பிரெஞ்சில்.

எனக்குப் புரிந்ததா என்கிறீர்களா? நீங்கள் நல்ல ஆள். கையில் எலும்பை வைத்துக்கொண்டு கேட்டால் நாய்க்குக்கூடப் புரியும். நான் கத்தியைத் தீட்டினேன். மறுபடி கேட்டான், இன்னும் மெதுவாக. நான் ஏரியைப் பார்த்தேன். பாதிரியார் மொழியில் கேட்பவனுக்குப் பாதிரியார் வந்து பதில் சொல்லட்டும். அங்கே வாசல்கூட இல்லை, திரும்பிப் பார்க்க, வெட்டவெளி. ஐமுனில் கேட்க என்ன தடை? எலும்பு என்கிற சொல்லைத் தங்கை அவனுக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் இருந்தாள்.

கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் போனான். பள்ளிக்கூடத்துச் சமையலறையில் எலும்பெல்லாம் நாய்க்குத்தான் போகும் என்று பிறகு யாரோ சொன்னார்கள். நாய்கள் கட்டியிருந்த பக்கம் போய்ப் போட்டான். கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. நான் எழுந்து போய்த் தடுத்திருக்கலாமாம். ரொம்ப வருஷத்துக்கு முன் ஒரு தடவை என் மனைவி அப்படிச் சொன்னாள். அவளோடும் கொஞ்ச நாள் பேசவில்லை.

கரோலான், இன்னும் என்ன?

"பாலத்தில் சாமான் இறக்க வேண்டும், தாத்தா. வண்டி கொஞ்சம் அதிக நேரம் நிற்கும். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

எனக்கு ஏன் சொல்கிறாய்?

"எல்லோரிடமும் சொல்கிறேன்."

இந்தப் பெட்டியில் வேறு யாரிடமும் அவள் சொல்லவில்லை, கவனித்தீர்களா?

அப்பா திரும்பி வந்தார். பார்த்தார். நாய்களின் வாயிலிருந்து ஒவ்வொரு துண்டாகப் பிடுங்கி எடுத்தார், பனியில் துடைத்தார், துணியில் சுற்றி மரத்தில் உயரமாகக் கட்டினார். அதற்குப் பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"யார் போட்டது?"

"நான்" என்றான் எத்தியென்.

அப்பா அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "நீ இவனுக்குச் சொல்லவில்லையா?"

"இவன் என்னிடம் ஒன்றும் விசாரிக்கவில்லை" என்றேன்.

அது பொய்யில்லை, நர்ஸம்மா. அப்படிப் பார்க்காதீர்கள். இன்னு பேச்சில் அவன் என்னிடம் எதையும் விசாரிக்கவில்லை. அப்பா என்னிடம் கேட்டது இன்னு பேச்சில். நான் பதில் சொன்னது இன்னு பேச்சில். அந்தப் பேச்சுக்குள் அது முழு உண்மை. எத்தியென் பக்கத்திலேயே இருந்தான். நான் சொன்னது அவனுக்குப் புரிந்தது, முகத்தில் தெரிந்தது. தப்பு என்றால் மறுத்திருக்க வேண்டியதுதானே? வாயைத் திறக்கவில்லை. காலணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குற்றம் செய்தவன்தானே பேசாமல் இருப்பான்.

அதன் பிறகு கரிபு வரவில்லை.

தடம் கிடைக்கும். நாங்கள் பின்தொடர்வோம். நல்ல தடம், புதுத் தடம். மலைச்சரிவு வரை வரும், அங்கே யாரோ வழியை மறித்துக்கொண்டு நின்ற மாதிரி அப்படியே திரும்பியிருக்கும். அப்பா மேளத்தை எடுத்துப் பாடினார். அவர் பாடும்போது மேளத்தின் தோலில் கரிபுகள் வெளிச்சப் புள்ளிகளாகத் தெரியும் என்பார், எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அதைப் பார்த்துச் சொல்வார். அன்று சாயங்காலம் பாடி முடித்துவிட்டு மேளத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார். எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை.

முயல் இல்லாத வருஷம் அது. பனிக்கு அடியில் வலை போட்டோம், வலை மட்டும் வந்தது. மான்தோலை மயிர் பொசுக்கி வேக வைத்தோம். நாய்களைக் கொன்றோம், ஒவ்வொன்றாக. அந்த எலும்பைத் தின்ற நாய்களை நாங்கள் தின்றோம். அம்மா வெந்நீரைக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்து, தேநீர் குடியுங்கள் என்பாள். நாங்களும் தேநீர் என்று சொல்லிக் குடிப்போம்.

எத்தியென் தன் பங்கை மானியானுக்குக் கொடுத்தான். எல்லோருக்கும் தெரியும்படி இல்லை, மறைத்து. தட்டைச் சுற்றிக் கையை வளைத்துக்கொண்டு குனிவானே, அப்படியே குனிந்து அவள் பக்கம் தள்ளிவிடுவான். நான் பார்த்தேன். நல்லபிள்ளை வேஷம் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான்... சரி, அதை விடுங்கள்.

அவள் நடப்பதை நிறுத்தியதும் அப்பா சொன்னார், தண்டவாளத்துக்குப் போவோம், ஏதாவது வண்டி நிற்கும் என்று. அவன் அவளைப் போர்வையில் சுற்றித் தன் முதுகில் கட்டிக்கொண்டான். நான் தூக்குகிறேன் என்று சொன்னேன். சொன்னேனா? சொல்லியிருப்பேன். அவன் முன்னால் போய்விட்டான், பனியை மிதித்து வழி உண்டாக்கிக்கொண்டு. நாங்கள் அவன் தடத்தில் நடந்தோம். நடக்க நடக்க அவளோடு பேசிக்கொண்டே போனான். கெண்டி, கோடாரி, பனிக்காலணி. அவள் முதலில் பதில் சொன்னாள். அப்புறம் அவன் மட்டும் சொல்லிக்கொண்டு போனான்.

தண்டவாளத்துக்கு வந்து நின்றோம். பனி ஒதுக்குகிற வண்டி வந்து நின்றது. அதில் இருந்தவன் ஏற்றிவிட, குழந்தையை முதலில் கொடு என்று கையை நீட்டினான். எத்தியென் கொடுக்கவில்லை. அம்மாவைப் பார்த்து, "தங்கை தூங்கி ரொம்ப நேரமாகிவிட்டது" என்றான்.

ஐமுனில் சொன்னான். எங்கேயும் திரும்பிப் பார்க்காமல், முழு வாக்கியம், பிழையில்லாமல். அந்த வாய்க்கு அன்றைக்கு ஐமுன் வந்தது பாருங்கள். அதை முன்பே கொண்டுவந்திருக்கக் கூடாதா? கத்தி தீட்டிக்கொண்டிருந்தேனே, அன்றைக்கு? அதைத்தான் நான் மன்னிக்க மாட்டேன் என்கிறேன். இத்தனை வருஷமாக அதைத்தான் சொல்கிறேன், ஒருவருக்கும் புரியவில்லை.

பாலத்துக்குப் பக்கத்து மேட்டில் அவளைப் புதைத்தோம். அந்தப் பக்கம்தான் உங்கள் சன்னல்.

சதுப்பு வந்துவிட்டதா? குட்டை குட்டையாக மரம் தெரிகிறதா? சரி.

பிறகு என்ன. நான் கடலோரத்துக்கு வேலைக்குப் போய்விட்டேன், அம்மா என்னோடு வந்தாள். அப்பா அந்த மேட்டுக்குப் பக்கத்திலேயே கூடாரம் போட்டார். எத்தியென் அவரோடு தங்கிவிட்டான். மூத்தவனோடு இருக்க வேண்டிய தகப்பன், எலும்பை நாய்க்குப் போட்டவனோடு இருந்தார், சாகும்வரை. என்னைப் பற்றி இவன் என்ன சொல்லி வைத்தானோ. ஒரு தடவை அம்மா அப்பாவிடமே கேட்டாளாம். "அவன் ஒன்றும் சொல்லவில்லை. அதைத்தான் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்" என்றாராம். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை.

இப்போது இவன் ரேடியோவில் பேசுகிற ஐமுன் இருக்கிறதே, ஒவ்வொரு சொல்லும் அப்பாவுடையது. பனியில் எத்தனை வகை, காற்றில் எத்தனை வகை, கரிபின் நடையில் எத்தனை வகை. எனக்கு வர வேண்டிய சொல் அதெல்லாம். என் பேரப்பிள்ளைகள் அவனிடம் போய்க் கற்றுக்கொள்கிறார்கள். என்னிடம் ஏன் வரவில்லை என்கிறீர்களா? வந்தார்கள். தாத்தா, இதற்கு ஐமுனில் என்ன என்று பிரெஞ்சில் கேட்டார்கள். பிரெஞ்சில் கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. அரைகுறை ஐமுனில் கேட்டார்கள். அரைகுறைக்கும் சொல்வதில்லை. பேச்சுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? அப்புறம் அவர்கள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அவனைப் போய்க் கேட்கிறார்கள். அவன் எதில் கேட்டாலும் பதில் சொல்கிறானாம், தப்பாகக் கேட்டால் சிரித்துக்கொண்டு சொல்கிறானாம். அப்படித்தான் ஒரு பேச்சு கெட்டுப்போகும்.

பையில் என்ன என்று அப்போதிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள். கல். எலும்பு இடிக்கிற கல், அப்பாவுடையது. பிடிக்கிற இடத்தில் அவர் கைப்பள்ளம் விழுந்திருக்கும். அம்மா கடலோரத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள், என்னிடம் இருக்கிறது. சும்மாதான் எடுத்து வைத்தேன். மகள் கேட்டாலும் கேட்பாள் என்று.

அவள் கேட்கவில்லை. கேட்டாலும் கேட்பாள் என்றேன்.

வேகம் குறைகிறது.

உங்களுக்குத் தெரியவில்லையா, சக்கரச் சத்தம் மாறிவிட்டது. நான் இந்த இடத்தில் எப்போதும் கண்ணை மூடிக்கொண்டுவிடுவேன். பாலம் தாண்டியதும் திறப்பேன். நீங்கள் சத்தமில்லாமல் இருந்தால் போதும், நிற்கும், சாமான் இறக்குவார்கள், கிளம்பிவிடும்.

நின்றுவிட்டது.

நான் பார்க்க மாட்டேன். நீங்கள் சன்னல் பக்கம் இருக்கிறீர்கள், நீங்கள் பாருங்கள். என்ன தெரிகிறது? கூடாரமா. புகை வருகிறதா? ஆட்கள் எத்தனை? அவ்வளவு பேரா. என் மகள் தெரிகிறாளா, நீலக் கோட்டு போட்டிருப்பாள். சரி. மேட்டில் என்ன இருக்கிறது? வெள்ளைச் சிலுவை. யார் வெள்ளையடிக்கிறார்கள் என்று தெரியவில்லை, இந்தக் காற்றில் வருஷா வருஷம் அடித்தால்தான் நிற்கும்.

கிழவன் ஒருவன் வருகிறானா? சிவப்புத் தொப்பியா? அவன்தான். அப்பாவுடைய தொப்பி. நடையில் காலை இழுக்கிறானா? எப்போதிலிருந்து? எனக்கு யாரும் சொல்லவில்லையே.

கையில் என்ன? தெளிவாகச் சொல்லுங்கள். குச்சியா, விறகா? எலும்பா. கால் எலும்பா? கை நிறையவா?

எதற்கு இங்கே எடுத்துக்கொண்டு வருகிறான்? ரயில் பக்கம் எலும்பை யாராவது எடுத்துக்கொண்டு வருவார்களா? தரையில் வைத்துவிடப் போகிறான். அங்கே நாய் இருக்கிறதா, பாருங்கள். இருக்கிறதா? கட்டியிருக்கிறதா, அவிழ்த்திருக்கிறதா? நன்றாகப் பாருங்கள், நர்ஸம்மா.

உஷ். கரோலான் கதவைத் திறந்துவிட்டாள். படிக்குக் கீழே நிற்கிறான். பேசாதீர்கள்.

நிஷ்தேஷ் என்கிறான். அண்ணா என்று அர்த்தம்.

அவன் என்ன சொன்னான் என்று உங்களுக்குப் புரியாது. நான் சொல்கிறேன். "அண்ணா, இந்த எலும்புகளை எங்கே வைக்கட்டும்?" என்கிறான். ஐமுனில். அப்பா பேசுகிற மாதிரியே, ஒரு இடம் தட்டாமல்.

பார்த்தீர்களா? பார்த்துக்கொள்ளுங்கள். நீங்களே சாட்சி. தலை நரைத்து, கால் இழுத்து, இத்தனை பிள்ளைகளுக்கு வாத்தியாராகி, ரேடியோவில் பேசி, மக்குஷான் நடத்துகிறவனாம், இன்னும் இவனுக்கு எலும்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அத்தனை ஆள் நிற்கிறார்கள், அவர்கள் முன்னால் கேட்கிறான், வெட்கமில்லாமல். ஏன் சிரிக்கிறீர்கள்? நீங்கள் அழுகிறீர்களா சிரிக்கிறீர்களா? எனக்குத் தெரியவில்லை.

மறுபடி கேட்கிறான். இன்னும் மெதுவாக. அன்றும் இப்படித்தான், இரண்டாம் தடவை மெதுவாகத்தான்.

நான் சொன்னேன் அல்லவா, ஐமுனில் ஒழுங்காகக் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். அது அவனுக்காக இல்லை. பேச்சுக்காக. மன்னித்துவிட்டேன் என்று ஊரில் போய்ச் சொல்லிவிடாதீர்கள். பரண் எங்கே என்று காட்டிவிட்டு வந்துவிடுவேன். அந்தப் பையைக் கொடுங்கள். இரண்டு கையால் தூக்குங்கள், கனம்.

கரோலான், வண்டியைக் கொஞ்சம் நிறுத்தி வை. இல்லாவிட்டால் போ. நான் நாளைக்கு வருகிற வண்டியில் போய்க்கொள்கிறேன்.

டேய் எத்தியென், கீழே வைக்காதே. கையிலேயே வைத்திரு. வருகிறேன்.